அம்மா விழுங்கிய மாத்திரை

தாய் சேய் கிளினிக்கில் கர்ப்பிணிப் பெண்ணிடம் நிறையக் கேட்பார்கள். கடைசியாக எப்போது குளித்தாய், முந்தின பிள்ளை சுகப்பிரசவமா, வீட்டில் யாருக்காவது இனிப்பு நீர் உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று விசாரித்து எல்லாவற்றையும் இளஞ்சிவப்பு அட்டை போட்ட புத்தகத்தில் ஏற்றிவிடுவார்கள். நான் பார்த்தவரை யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. உன்னை வயிற்றில் வைத்திருந்தபோது உன் அம்மா என்ன மருந்து சாப்பிட்டார்?

நான் என் அம்மாவிடம் கேட்டேன். கேட்கும்போது அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மலேசியாவில் பெர்னாம் ஆற்றோரம் ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். ஐந்து பெற்று நான்கைக் காப்பாற்றியவர். "டிரசர் குடுத்தாரு, முழுங்குனேன். வெள்ளையா ஒண்ணு, செவப்பா ஒண்ணு. அவரு என்ன, கெட்டதா குடுப்பாரு?" என்றார். பெயர் தெரியுமா என்றேன். சிரித்தார். டிரசர் என்ற மருத்துவ உதவியாளர் இருக்கும் தோட்டத்து மருந்துக் கொட்டகையில் மாத்திரைக்கு நிறம்தான் பெயர்.

இந்தக் கட்டுரை அந்தப் பெயரில்லாத மாத்திரைகளைப் பற்றியது. இன்னும் திருத்தமாகச் சொன்னால், பிறப்பதற்கு முன்பே, தாயின் வயிற்றிலேயே, வெளியிலிருந்து வந்த ஹார்மோனைச் சந்தித்த பெண்களின் உடலில் இருபது, முப்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து என்ன தெரிய வருகிறது என்ற கேள்வியைப் பற்றியது. உலகத்தில் இதற்கு முழுமையாகப் பதில் கிடைத்த மருந்து ஒன்றே ஒன்று. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காப்புரிமை இல்லாத மருந்து

1938-இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்ற வேதியியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற பொருளைச் செய்து காட்டினார்கள். சுருக்கமாக டிஇஎஸ். அதுவரை ஈஸ்ட்ரோஜன் வேண்டுமென்றால் கர்ப்பமான குதிரையின் சிறுநீர் போன்றவற்றிலிருந்து வடித்தெடுக்க வேண்டும், விலையும் அதிகம். இதுவோ ஆய்வுக்கூடத்திலேயே செய்யக்கூடியது, வாய்வழி விழுங்கினால் வேலை செய்வது, வீரியம் மிகுந்தது. பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி என்பதால் காப்புரிமை எடுக்கவில்லை. டாட்ஸின் நல்லெண்ணம் அது. அதன் விளைவாக யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்றானது. அமெரிக்காவில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் வெவ்வேறு பெயர்களில் விற்றன.

ஹார்வர்டில் ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் என்ற கணவன் மனைவி ஆய்வாளர்கள், கருச்சிதைவுக்குக் காரணம் ஹார்மோன் குறைவு என்று கருதினார்கள். கர்ப்பத்தின் ஏழாவது வாரம் வாக்கில் நாளுக்கு 5 மில்லிகிராமில் ஆரம்பித்து, ஏற்றிக்கொண்டே போய் 35-ஆவது வாரத்தில் 125 மில்லிகிராமில் நிறுத்துவது அவர்கள் வகுத்த முறை. 1947-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்க அனுமதித்தது. கரு கலையும் ஆபத்து உள்ளவர்களுக்கு என்று தொடங்கியது, பிறகு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நல்லது என்றானது. 1957-இல் வந்த ஒரு மருந்து விளம்பரத்தில் கொழுகொழு குழந்தையின் படமே போட்டிருந்தார்கள்.

இங்கே ஒரு தேதியை நினைவில் வைக்க வேண்டும். 1953. சிக்காகோவில் வில்லியம் டீக்மன் தலைமையில் சுமார் 1,600 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டிஇஎஸ், மறு பாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தால் பயன் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதே புள்ளிவிவரத்தை 1978-இல் மறுபடி அலசியவர்கள், மருந்து சாப்பிட்டவர்களுக்கே கருச்சிதைவும் குறைப்பிரசவமும் கூடுதல் என்று கண்டார்கள். ஆனாலும் 1953-க்குப் பிறகு இன்னும் பதினெட்டு ஆண்டுகள் மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டது. மருந்தால் வந்த தீங்கைக் கண்டுபிடிக்கக் காலம் பிடித்ததை என்னால் மன்னிக்க முடிகிறது. பயனில்லை என்று தெரிந்த பிறகும் கொடுத்ததை மன்னிக்க முடியவில்லை.

1960-களின் பிற்பாதியில் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் விசித்திரமான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். பதினைந்திலிருந்து இருபத்திரண்டு வயதுப் பெண்கள். பிறப்புறுப்புப் பாதையில் ஒரு வகைப் புற்றுநோய். அந்த வயதில் அதைப் பார்த்ததாக எவருக்கும் நினைவில்லை. ஒரு பெண்ணின் தாய், "இவள் வயிற்றிலிருந்தபோது நான் ஸ்டில்பெஸ்ட்ரால் சாப்பிட்டேன், அதனால் இருக்குமோ?" என்று மருத்துவரிடம் கேட்டார். மருத்துவர் அதைத் தள்ளிவிடவில்லை. ஆர்தர் ஹெர்ப்ஸ்ட், ஹோவர்ட் உல்ஃபெல்டர், டேவிட் பாஸ்கான்சர் மூவரும் எட்டு நோயாளிகளை எடுத்துக்கொண்டு, அதே மருத்துவமனைகளில் அதே நாட்களில் பிறந்த நோயில்லாத 32 பெண்களோடு ஒப்பிட்டார்கள். எட்டுத் தாய்மாரில் ஏழு பேர் மருந்து சாப்பிட்டிருந்தார்கள். 32 பேரில் ஒருவர்கூட இல்லை. 1971 ஏப்ரலில் அது அச்சில் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்காதே என்று அமெரிக்க அரசு அறிவித்தது. பிரான்சில் அந்த அறிவிப்பு வர 1977 ஆயிற்று.

அந்தத் தாய்க்கு மாத்திரையின் பெயர் தெரிந்திருந்தது. நான் இந்தக் கதையில் மறுபடி மறுபடி திரும்பிப் போகும் இடம் இதுதான். எட்டே எட்டு நோயாளிகளை வைத்து உலகம் முழுவதற்கும் உண்மையைச் சொல்ல முடிந்ததென்றால், அதற்கு மேதைமை பாதிக் காரணம். மீதிப் பாதி, பிரசவ ஏட்டைப் பத்திரமாக வைத்திருந்த மருத்துவமனையும் பெயரை மறக்காத அம்மாவும்.

கருப்பை எப்படி வடிவம் கெட்டது

பெண் கருவுக்குள் முல்லேரியன் குழாய்கள் என்று இரண்டு சிறு குழாய்கள் உண்டு. அவற்றிலிருந்துதான் கருப்பையும் கருக்குழாய்களும் பிறப்புறுப்புப் பாதையின் மேல்பகுதியும் உருவாகின்றன. முதல் நான்கைந்து மாதங்களுக்குள் அடிப்படை வேலை முடிந்துவிடும். தாயின் சொந்த ஈஸ்ட்ரோஜனில் பெரும்பகுதியை ரத்தத்தில் உள்ள புரதங்கள் பிடித்துக் கட்டிப்போடும். டிஇஎஸ் அந்தப் பிடியில் சரியாகச் சிக்காது. நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய், எந்த இடத்தில் எந்த உறுப்பு என்று கட்டளையிடும் மரபணுக்களின் வேலையைக் குழப்பியது. எலிகளில் ஜான் மெக்லாக்லனும் ரீத்தா நியூபோல்டும் ஆண்டுக்கணக்கில் செய்த சோதனைகளில் இது படிப்படியாகத் தெளிவானது. மருந்தின் அளவோடு, கரு வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் கொடுக்கப்பட்டது என்பதும் முக்கியம் என்று தெரிந்தது. மாவு பிசையும்போது விழுந்த கல்லும் தோசை வெந்த பிறகு விழுந்த கல்லும் ஒன்றாகுமா?

விளைவுகளைப் பார்ப்போம். கருப்பையின் உட்புறம் முக்கோணமாக இருக்க வேண்டியது ஆங்கில 'டி' எழுத்து வடிவில் குறுகிப்போனது. கருப்பை வாயைச் சுற்றி மடிப்புகள் விழுந்தன. சேவல் கொண்டை மாதிரி என்று மருத்துவர்களே எழுதினார்கள். பிறப்புறுப்புப் பாதையில் இருக்கக் கூடாத சுரப்பித் திசு தங்கிப்போனது. அந்தத் திசுதான் சிலருக்குப் பின்னாளில் புற்றுநோயாக மாறியது.

சிலருக்கு என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். அந்தப் புற்றுநோய் ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் வந்தது. செய்தித்தாள் தலைப்புக்கு அந்த ஒருவர் போதும். மீதி 999 பேரின் கதை சத்தமில்லாதது, ஆனால் கூட்டிப் பார்த்தால் அதுதான் பெரியது. 2011-இல் ராபர்ட் ஹூவரும் மற்றவர்களும் அமெரிக்காவில் 4,653 டிஇஎஸ் மகள்களையும் மருந்து படாத 1,927 பெண்களையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் கணக்குப் புத்தகம். அதன்படி நூறு டிஇஎஸ் மகள்களில் 33 பேர் கருத்தரிக்க முடியாமல் திண்டாடினார்கள். மற்றவர்களில் அது 15 அல்லது 16. கருக்குழாயிலேயே கரு தங்கிவிடும் ஆபத்தான கர்ப்பம் நூற்றுக்கு 15 பேருக்கு வந்தது, மற்றவர்களில் 3 பேருக்கு. நான்கு, ஐந்து, ஆறு மாதத்தில் கரு கலைந்தது நூற்றுக்கு 16 பேருக்கு, மற்றவர்களில் 2 பேருக்கும் குறைவு. குறைப்பிரசவம் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, மற்றவர்களில் 18 பேருக்கு. 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோனது 5 பேருக்கு, மற்றவர்களில் 2 பேருக்கும் குறைவு. கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இரண்டு மடங்கு. நாற்பதைத் தாண்டிய பிறகு மார்பகப் புற்றுநோயும் கூடுதல்.

இந்த எண்களை நான் முதன்முதல் படித்தபோது என் பெரியம்மா நினைவுக்கு வந்தார். நான்காவது ஐந்தாவது மாதத்தில் மூன்று முறை கலைந்தது அவருக்கு. தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தொட்டில் கட்டினார், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தார், தண்ணீர்மலைக்கு நடந்தார். பெரியப்பா நல்ல மனிதர், இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மற்றபடி பெரியம்மா கேட்காத பேச்சு இல்லை. சுமங்கலிப் பொங்கலுக்கும் வளைகாப்புக்கும் அவரை முன்னே அழைக்க மாட்டார்கள். அவர் டிஇஎஸ் மகள் என்று நான் சொல்லவில்லை. அவர் பிறந்தது அந்த மருந்து பிறப்பதற்கும் முன்னால். நான் சொல்வது வேறு. பாஸ்டனில் நான்காம் மாதத்தில் கரு கலைந்த ஒருத்திக்கு 1971-க்குப் பிறகு ஒரு பதில் கிடைத்தது. உன் கருப்பை இப்படி ஆனதற்கு நீ பிறக்குமுன் உன் தாய்க்குக் கொடுத்த மாத்திரை காரணம் என்று ஒருவர் சொன்னார். பழி அவள் தலையிலிருந்து இறங்கியது. நம் லயத்து வீட்டில் அதே நான்காம் மாதத்துக்கு மலடி, ராசியில்லாதவள் என்ற இரண்டு பதில்கள்தான் கைவசம் இருந்தன.

பழி இறங்கிய இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அது அம்மாவின் தலைக்குப் போய்விட்டது. பிள்ளையைக் காப்பாற்றத்தான் அவர்கள் மாத்திரையை விழுங்கினார்கள். மகளின் அறுவைச் சிகிச்சைக் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அந்தத் தாய்மாரைப் பற்றிப் படிக்கும்போது, 'அவரு என்ன, கெட்டதா குடுப்பாரு' என்ற என் அம்மாவின் குரல்தான் கேட்கிறது.

வழக்குக்குப் போனவர்களும் பெயரில்தான் இடறினார்கள். நூற்றுக்கணக்கான கம்பெனிகளில் எந்தக் கம்பெனி மாத்திரை என்று நிரூபிக்க வேண்டும். காப்புரிமை இல்லாத மருந்து, ஒரே உருவம். 1980-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சிண்டெல் வழக்கில் ஒரு வழி கண்டது. எந்தக் கம்பெனி சந்தையில் எவ்வளவு விற்றதோ அந்தப் பங்குக்கு அது பொறுப்பு என்றது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் தீர்ப்பு.

மூன்றாம் தலைமுறைக்கும் போகுமா என்பது இப்போதைய ஆராய்ச்சி. பெண் கரு ஐந்து மாதத்தில் இருக்கும்போதே அதன் வாழ்நாளுக்கான கருமுட்டைகள் உள்ளே உருவாகிவிடுகின்றன. ஆகவே கர்ப்பிணி விழுங்கும் மாத்திரை ஒரே உடம்புக்குள் மூன்று தலைமுறையைத் தொடுகிறது, அவரை, மகளை, பேத்தியாகப் போகும் முட்டையை. டிஇஎஸ் பேத்திகளுக்கு மாதவிடாய் சீராவது தாமதமாகிறது என்று ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. இதை வைத்து முடிவாக எதுவும் சொல்வது அவசரம்.

சுவரில் படிந்த வெள்ளை

டிஇஎஸ் மாத்திரை பணக்கார நாட்டு மருத்துவரின் கைராசி. அதைக் காரணம் காட்டி, நமக்கும் இதற்கும் என்ன என்று கேட்டுவிட்டுப் போய்விட முடியாது. டிஇஎஸ்ஸுக்கு ஓர் ஒன்றுவிட்ட தம்பி உண்டு. அதை நாம் மாத்திரையாக விழுங்கவில்லை, வீட்டுச் சுவரில் அடித்துக்கொண்டோம்.

1950-இல் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பர்லிங்டன், லிண்டமன் என்ற இருவர் சேவல் குஞ்சுகளுக்கு டிடிடி ஊசி போட்டார்கள். சேவல்களுக்குக் கொண்டை வளரவில்லை, விரை சிறுத்துப்போனது. டிடிடியின் மூலக்கூறு ஸ்டில்பெஸ்ட்ராலை ஒத்திருக்கிறது, அதனால் இருக்கலாம் என்று அப்போதே எழுதினார்கள். பூச்சிமருந்து ஒன்று பெண் ஹார்மோன் மாதிரி நடந்துகொள்ளலாம் என்பதை 1950-லேயே சொன்ன கட்டுரை அது. படித்தவர்கள் குறைவு.

மலேசியத் தீபகற்பத்தில் மலேரியா ஒழிப்புத் திட்டம் 1967-இல் தொடங்கியது. வீட்டுச் சுவரில் டிடிடி தெளிப்பதுதான் அதன் முக்கிய ஆயுதம். கடலோரமான எங்கள் பக்கத்தைவிட மலையடிவாரத் தோட்டங்களில் அது தீவிரமாக நடந்தது. சுங்கை சிப்புட் பக்கம் மாமா வீட்டுக்கு விடுமுறைக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். முதுகில் டின் கட்டிய ஆட்கள் வந்தால் பாயையும் பானையையும் வெளியே தூக்கிப்போட வேண்டும். அடித்து முடித்த சுவர் காய்ந்ததும் வெள்ளைப் பொடி தெரியும். நாங்கள் அதில் விரலால் படம் வரைவோம். அத்தை அப்போது நிறைமாதம். அடுப்படியில் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் உட்கார்ந்திருப்பார்.

டிடிடி மலேரியாவை விரட்டியது என்பதை மறைக்கக் கூடாது. காய்ச்சலில் தோட்டம் தோட்டமாகச் செத்த காலம் ஒன்று நம் நாட்டுக்கு உண்டு. கேள்வி, அந்தக் காலத்தில் வயிற்றில் இருந்த பெண் குழந்தைகளுக்குப் பின்னாளில் என்ன ஆயிற்று என்பது. இதற்கும் பதில் வெளியிலிருந்துதான் வருகிறது. கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் பகுதியில் 1959 முதல் 1967 வரை 20,000-க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பதிவு செய்து, தாய்மாரின் ரத்தத்தை உறையவைத்துச் சேமித்தார்கள். அப்போது டிடிடி அங்கும் தாராளமாகப் புழங்கிய காலம். அந்த ரத்தத்தை அரை நூற்றாண்டு கழித்து எடுத்துப் பார்த்த பார்பரா கோனும் அவரது குழுவினரும் 2015-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கர்ப்பகால ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் போல நடக்கும் டிடிடி வகை மிகுந்திருந்த தாய்மாரின் மகள்களுக்கு, ஐம்பது வயதை ஒட்டி மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. 2021-இல் அதே குழு பேத்திகள் வரை போனது. அந்தப் பேத்திகளில் உடல் பருமனும், சிறு வயதிலேயே பூப்பெய்துவதும் கூடுதலாகத் தெரிந்தது.

ஓக்லண்டில் உறைபெட்டியில் ரத்தம் இருந்தது. இங்கே சுவரில் மருந்து இருந்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தோட்டத்தில் பெண்கள் முதுகில் சுமந்து தெளித்த எல்லாவற்றையும் ஹார்மோன் என்று சொல்லிவிட முடியாது. பாராகுவாட் ஒரு களைக்கொல்லி நஞ்சு. நகத்தைக் கருக்கியது, மூக்கில் ரத்தம் வரவைத்தது, நுரையீரலைக் கெடுத்தது. தெனாகானித்தா என்ற பெண்கள் அமைப்பு 2002-இல் தோட்டப் பெண்களிடம் ஆய்வு செய்து வெளியிட்டதும், நாட்டில் அதற்குத் தடை வந்து, தளர்ந்து, கடைசியில் 2020 ஜனவரியில் முழுத் தடையானதும் தனிக் கதை. மேடையில் பேசுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். அப்படிக் குழைத்தால் எதிராளிக்குத்தான் வசதி.

கர்ப்பமா என்று பார்க்க ஒரு மாத்திரை

இன்னொரு வகை ஹார்மோன் நம் இனத்துக்கு இன்னும் நெருக்கமாக வந்தது. சிறுநீரில் குச்சி வைத்துப் பார்க்கும் வழி பரவுவதற்கு முன்னால், கர்ப்பமா இல்லையா என்று தெரிந்துகொள்ளச் சக்தி வாய்ந்த ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்டிரோன் வகை மருந்தும் கலந்த மாத்திரையைக் கொடுப்பார்கள். சாப்பிட்டு நிறுத்தியதும் ரத்தப்போக்கு வந்தால் கர்ப்பமில்லை. வராவிட்டால் கர்ப்பம், ஆனால் அதற்குள் மருந்து கருவைச் சேர்ந்திருக்கும். பிரிட்டனில் பிரைமோடாஸ் என்ற பெயரில் விற்றது. 1967-இல் இசபெல் கால் என்ற குழந்தை மருத்துவர் எச்சரித்தார். 1978-இல்தான் சந்தையிலிருந்து போனது. 2020-இல் கம்பர்லெஜ் பிரபு அம்மையார் தலைமையிலான விசாரணை, அது 1967-லேயே நின்றிருக்க வேண்டும் என்று எழுதியது. குழந்தைகளின் பிறவிக் குறைகளுக்கு அதுதான் காரணமா என்பதில் அறிவியல் சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

இந்தியாவில் அதே கலவையை இ.பி. ஃபோர்ட் என்று தமிழ்நாட்டுக் கிராமத்துக் கடைவரை அறிந்திருந்தார்கள். தள்ளிப்போனதை வரவழைக்கும் மாத்திரை என்ற தவறான நம்பிக்கையோடுதான் பெரும்பாலும் வாங்கினார்கள். கலைக்க நினைத்துச் சாப்பிட்டு, கலையாமல் பிறந்த குழந்தைகள் அதில் உண்டு. 1982-இல் அரசு தடை போட்டது. கம்பெனிகள் உயர்நீதிமன்றங்களுக்குப் போய்த் தடைக்குத் தடை வாங்கின. பெண்கள் அமைப்புகளும் மருத்துவர்களும் விடவில்லை. பொது விசாரணைகள் நடந்து, 1988-இல்தான் அது ஒழிந்தது. ஆறு ஆண்டு நீதிமன்ற அவகாசத்தில் எத்தனை அட்டை விற்றிருக்கும்!

மலேசியாவில் மருந்துகளைப் பதிவு செய்யும் முறை 1984-ஆம் ஆண்டு விதிகளின்படி வந்தது. பதிவு 1985-இல் தொடங்கியது. அதாவது 1985-க்கு முன்னால் பிறந்த என் போன்றவர்களின் தாய்மார், பதிவு எண் இல்லாத மருந்துகளின் காலத்தில் கர்ப்பமாக இருந்தவர்கள். இங்கே 'வெள்ளையா ஒண்ணு, செவப்பா ஒண்ணு' என்பது என் அம்மாவின் மறதி மட்டுமாக இல்லை, நாட்டின் ஏடே அப்படித்தான் இருந்தது.

நீர்க்கட்டி

வெளியிலிருந்து மருந்தே வராமல், தாயின் சொந்த ஹார்மோனே கருவை மாற்றுமா? இன்று நம் பெண்களுக்கு அதிகம் பொருந்தும் கேள்வி இது. நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ் இல்லாத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

விஸ்கான்சினில் டேவிட் அபாட்டும் உடன் ஆய்வாளர்களும் கர்ப்பமான ரீசஸ் குரங்குகளுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தார்கள். பிறந்த பெண் குரங்குகள் வளர்ந்தபோது மாதச் சுழற்சி தடுமாறியது, சர்க்கரை ஏறியது, சினைப்பையில் கட்டிகள் தெரிந்தன. பெண்களின் நீர்க்கட்டியின் அச்சு. 2018-இல் பிரான்சின் லில் நகரத்து ஆய்வுக்குழு இன்னொரு கண்ணியைச் சேர்த்தது. நீர்க்கட்டி உள்ள பெண்கள் கர்ப்பமாகும்போது ஏஎம்எச் என்ற ஹார்மோன் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கிறது. அதே ஹார்மோனைக் கர்ப்பமான எலிக்கு ஏற்றினால் அதன் பெண்குட்டிகளுக்கு நீர்க்கட்டி போன்ற நிலை வருகிறது. ஸ்வீடனின் மக்கள் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு, நீர்க்கட்டி உள்ள தாயின் மகளுக்கு அதே நோய் கண்டறியப்படும் வாய்ப்பு ஐந்து மடங்கு என்றது. அதில் மரபணுவின் பங்கு எவ்வளவு, கருப்பைச் சூழலின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க இன்னும் காலம் ஆகும். ஆனால் 'ரொட்டிச்சானாய் தின்று தின்றுதான் உனக்கு இப்படி' என்று பதினாறு வயசுப் பெண்ணை ஏசுகிறவர்கள், விஷயம் அவள் பிறக்குமுன்பே தொடங்கியிருக்கலாம் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்றைய கிளினிக்கில்

இதையெல்லாம் படித்துவிட்டு, கர்ப்பத்தில் எழுதிக் கொடுக்கும் புரோஜெஸ்ட்டிரோன் மாத்திரையை யாரும் வாய்க்காலில் போட்டுவிடக் கூடாது. எல்லா ஹார்மோனும் டிஇஎஸ் ஆகாது. இயற்கைப் புரோஜெஸ்ட்டிரோனை 4,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. ரத்தக்கசிவு கண்ட எல்லோருக்கும் அது பயன் தரவில்லை. முன்பு கரு கலைந்து, இப்போதும் கசிவு கண்டவர்களுக்குப் பயன் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. அதாவது கொடுக்கக் காரணம் உள்ளவர்களும் உண்டு, காரணமில்லாமல் வாங்குகிறவர்களும் உண்டு. தனியார் கிளினிக்கில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று எழுதப்படும் மாத்திரைதான் எனக்கு 1957-இன் கொழுகொழு குழந்தையை நினைவூட்டுகிறது. குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்று அமெரிக்காவில் 2011-இல் அனுமதித்த ஒரு புரோஜெஸ்ட்டிரோன் வகை ஊசி, பயன் நிரூபணமாகவில்லை என்று 2023 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. அனுமதிக்கும் தடைக்கும் இடையே, 1947-க்கும் 1971-க்கும் நடுவில் போன இருபத்துநான்கு ஆண்டு இந்த முறை பன்னிரண்டாகக் குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்படலாம்.

வயதான மகள்களுக்கு ஒரு தகவல். நம் நாட்டில் கருப்பை வாய்ப் பரிசோதனை இப்போது பேப் ஸ்மியரிலிருந்து எச்பிவி வைரஸ் சோதனைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் டிஇஎஸ் மகள்களுக்கு வரும் அந்த அரிய புற்றுநோய்க்கும் எச்பிவி வைரஸுக்கும் தொடர்பில்லை. வைரஸ் இல்லை என்ற முடிவு அவர்களுக்கு முழு நிம்மதி ஆகாது. கருப்பை வாயோடு நிறுத்தாமல் பாதையின் சுவர்களையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் 1940-களிலிருந்து 70-கள் வரை பிறந்த நம்மவர்களும், அங்கிருந்து திரும்பி இப்போது ஈப்போவிலோ தெலுக் இந்தானிலோ இருப்பவர்களும் இதைத் தங்கள் மருத்துவரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும். கேட்க மாட்டார்கள் என்று மேலேயே எழுதிவிட்டேன்.

அம்மா உயிரோடு இருக்கிறவர்கள் இந்த வாரமே போய் உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை கலைந்தது, எந்த மாதத்தில், கசிவுக்கு மருந்து கொடுத்தார்களா, ஊசியா மாத்திரையா, எந்த ஆஸ்பத்திரி, வீட்டுச் சுவரில் மருந்து அடித்தார்களா. பெயர் தெரியாவிட்டால் நிறத்தையாவது எழுதிக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருக்கிறவர்கள், சாப்பிட்டு முடித்த மாத்திரை அட்டையைக் குப்பையில் போடாமல் அந்த இளஞ்சிவப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பிறக்கப் போகும் பெண்ணுக்கு முப்பது வயதாகும்போது அந்தப் புத்தகம் வீட்டில் இருக்க வேண்டும்.